மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களுக்கு நாளாக ஆக மனசு மரத்துப் போய்விடுமா?

இதே கேள்வியை, ஏறக்குறைய இதே வார்த்தைகளில், ஒருவர் என் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார். அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கேட்டிருக்கும் நீங்களும் சமீபத்தில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டு நின்றிருப்பீர்கள், உங்கள் பக்கத்திலேயே ஒரு நர்ஸோ வார்டு ஊழியரோ ஒன்றும் நடக்காத மாதிரி டீ குடிக்கப் போயிருப்பார், அது உங்கள் நெஞ்சில் தைத்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னித்துவிடுங்கள். எனக்கு இது பழைய புண், அதனால் நீளமாகத்தான் எழுதுவேன்.

நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. டயாலிசிஸ் டெக்னீசியன், அதாவது கிட்னி செயலிழந்தவர்களின் ரத்தத்தை மெஷின் வைத்துச் சுத்தம் செய்பவன். தென் மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவமனையில் 11 வருஷமாக இந்த வேலை. (இங்கே நான் எழுதுவதை வைத்துக்கொண்டு யாரும் மருந்தையோ தண்ணீர் அளவையோ மாற்றிவிடாதீர்கள், உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.) மற்ற வார்டுகளுக்கும் எங்கள் யூனிட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே நோயாளி வருவார், குணமாகி வீட்டுக்குப் போவார், முகம்கூட மறந்துவிடும். எங்களிடம் வருபவர் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருப்பார். வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு நாளும் 4 மணி நேரம், அதே கட்டில், அதே மெஷின். என் கூடப் பிறந்த அண்ணனை வருஷத்துக்கு இரண்டு தடவை பார்த்தால் அதிகம். இவர்களை வருஷத்துக்கு 150 தடவைக்கு மேல் பார்க்கிறேன்.

நாலாம் நம்பர் கட்டில் டீக்கடை அண்ணாச்சியுடையது. திங்கள், புதன், வெள்ளி, காலை முதல் ஷிப்ட். மூன்றரை வருஷம் வந்தார். அவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது. விடியற்காலை நாலு மணியிலிருந்து அடுப்படியில் நின்றே பிழைத்தவர், முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை வாங்கிப் பல வருஷம் தினமும் போட்டிருக்கிறார். கிட்னி போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். இப்போதும் எங்கள் ஊர்ப் பக்கம் "கால் வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும் போல இருக்கும்.

அவர் இடது கையில் ஃபிஸ்டுலா போட்டிருந்தது. ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்துத் தைப்பது அது. சில வாரங்களில் அந்தச் சிரை தடித்துவிடும், அதில்தான் நாங்கள் ஊசி போடுவோம். விரலை மேலே வைத்தால் உள்ளே வண்டு ரீங்காரம் போடுவது மாதிரி ஒரு அதிர்வு இருக்கும். அது இருந்தால் கை நன்றாக இருக்கிறது, நின்றுவிட்டால் அடைத்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, தலைக்கு அண்டக்கொடுத்துத் தூங்கவும் கூடாது. தடவைக்கு 2 ஊசி, மூன்றரை வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் ஆயிரத்தைத் தாண்டும், அதில் பாதிக்கு மேல் நான் போட்டது. முழங்கைக்குக் கீழே எந்த இடத்தில் போட்டால் அவர் முகம் சுளிக்க மாட்டார் என்பது அவர் வீட்டம்மாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

தண்ணீர்தான் இந்த நோயில் பெரிய கொடுமை. சிறுநீர் முழுக்க நின்றுபோனவருக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டரோ முக்கால் லிட்டரோதான் கணக்கு, அதிலேயே காபி, மோர், சாம்பார், மாத்திரை போடும் தண்ணீர் எல்லாம் அடக்கம். ஊருக்கே டீ ஆற்றிக் கொடுத்த மனுஷன் தன் கடைக் கிளாஸ் ஒன்றைக் கையோடு எடுத்து வருவார், அதில் 100 மில்லி பிடிக்கும். "தம்பி, இன்னைக்கு ஆறு கிளாஸ்ல முடிச்சிட்டேன்" என்று பரீட்சை மார்க் சொல்லுகிற மாதிரி சொல்வார். எல்லா நாளும் அப்படி இல்லை. ஒரு தடவை ஊரில் கோயில் கொடை முடிந்து வந்தார். அவர் இருக்க வேண்டிய எடை 58 கிலோ, எடை மெஷினில் ஏறி நின்றால் 62.4. அத்தனையையும் ஒரே 4 மணி நேரத்தில் இழுத்தால் கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ளும், பிரஷர் சட்டென்று விழும், இதயம் தாங்காது. அன்றைக்கு நான் கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "பானகம் குடுத்தாங்க தம்பி, சாமி காரியம், வேண்டாம்னு சொல்ல முடியல" என்றார். நான் மறுபடியும் கத்தினேன். அவர் போன பிறகு அந்தக் கத்தல்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

அவர் போனது ஒரு திங்கட்கிழமை. எங்கள் வேலையில் இருப்பவர்களுக்குத் திங்கட்கிழமை காலை என்றாலே ஒரு பயம் உண்டு. வெள்ளிக்குப் பிறகு நடுவில் இரண்டு நாள் இடைவெளி விழுவதால் உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறி நிற்கும், இதயம் நின்றுபோவது அந்த நீண்ட இடைவெளியின் கடைசியில்தான் அதிகம். நான் ஆறு மணிக்கு வந்து அவருடைய டயலைசரை மாட்டி, சலைன் ஓடவிட்டுத் தயாராக வைத்திருந்தேன். ரத்தத்தைச் சுத்திகரிக்கிற வடிகட்டிக் குழாய்தான் டயலைசர். எங்கள் யூனிட்டில் ஒருவருக்கு உபயோகித்ததைக் கழுவி, கிருமி நீக்கி, அதே ஆளுக்கு மட்டும் சில தடவை மறுபடி உபயோகிப்போம். அதனால் ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருக்கும், எத்தனையாவது தடவை என்று எண் எழுதியிருக்கும். அன்றைக்கு அவருடையதில் என் கையெழுத்தில் 6 என்று இருந்தது.

ஆறே முக்காலுக்குக் கீழே அவசரப் பிரிவிலிருந்து போன் வந்தது. ஓடினேன். வரும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டதாம். டாக்டர்கள் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்கள், நானும் கொஞ்ச நேரம் மாற்றி மாற்றி அழுத்தினேன். ஏழு இருபதுக்கு நிறுத்தினார்கள். நான் அவருடைய இடது கையைத் தொட்டுப் பார்த்தேன். பழக்கம், வேறு ஒன்றும் இல்லை. அந்த அதிர்வு இல்லை.

மேலே வந்தால் மற்ற ஐந்து பேரும் கட்டிலில் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் இரண்டு நாள் இடைவெளிதான். ஒவ்வொருவராக மெஷினில் ஏற்றிவிட்டேன், ஊசி ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசியாக நாலாம் நம்பருக்கு வந்து அண்ணாச்சியின் டயலைசரைக் கழற்றிச் சிவப்புப் பையில் போட்டேன். பெயர்ச் சீட்டைக் கிழித்துவிட்டுப் போடலாமா, அப்படியே போடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். அப்படியே போட்டேன்.

இங்கே ஒரு விஷயம் புரிய வேண்டும். எங்கள் யூனிட்டில் இடம் காலியாவது மூன்று வகையில்தான். ஒருவருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஊருக்குப் போக வேண்டும், இல்லையென்றால் இறக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2008-லிருந்து மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானம் முறைப்படி நடக்கிறது, தானம் செய்பவரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று 2023-ல் அறிவித்தார்கள், அது எனக்கு ரொம்பப் பெரிய விஷயம். ஆனாலும் காத்திருப்பவர்கள் பட்டியல் நீளம். எங்கள் பட்டியலில் அன்றைக்கு முதல் பெயர் ஒரு அக்கா. இரண்டு பிள்ளைகள், கழுத்தில் குழாய் போட்டு, தனியாரில் தடவைக்குத் தடவை காசு கட்டி, கடைசி வளையலும் அடகுக்குப் போன நிலைமை. டாக்டரிடம் கேட்டுவிட்டு எட்டு மணிக்கு அவருக்குப் போன் போட்டது நான்தான். பக்கத்து ஊர், ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார்.

குழாயில் ரத்தம் ஓடுவதைப் பார்த்ததும் அவருக்குக் கை நடுங்கியது. தனியாரில் இருந்தபோது கண்ணை மூடியே படுத்திருப்பாராம், முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறார். "தம்பி, ரத்தம் பூரா வெளிய போயிருமா?" என்று கேட்டார். பயந்தால் நிலைமை மோசமாகும், அதனால் நான் சிரித்தேன். "இல்லக்கா, எந்த நேரமும் வெளிய நிக்கிறது கால் லிட்டர் அளவுதான் இருக்கும், மிச்சமெல்லாம் ஒங்க உள்ளதான் இருக்கு" என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சியின் மகள் கதவருகே நின்றிருக்கிறது. ஃபைலையும் தலையணையையும் வாங்கிப் போக வந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை.

"அண்ணே, எங்கப்பா போயி ரெண்டு மணி நேரங்கூட ஆவல. அதே கட்டில்ல அதுக்குள்ள ஆளப் படுக்கப்போட்டுச் சிரிச்சிட்டு இருக்கியளே. ஒங்களுக்கெல்லாம் மனசு மரத்துப்போச்சா?"

அந்தப் பிள்ளை சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அது நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். நான் ஃபைலை எடுத்துக் கொடுத்தேன், தலையணையை ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். இந்த அக்காவும் இல்லையென்றால் செத்துப்போவாள் என்று அந்த நேரத்தில் அதனிடம் சொல்ல முடியுமா?

மரத்துப் போனதா என்று கேட்டால், கை பழகிவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன். பழகித்தான் ஆக வேண்டும். நடுங்குகிற கையோடு நான் ஊசி போட்டால் வலிப்பது ஐந்தாம் நம்பர் கட்டில்காரருக்கு. டிப்ளமோ படிக்கும்போது ஒரு வாத்தியார், இந்த மெஷினை முதலில் செய்த கோல்ஃப் என்ற டச்சு டாக்டரைப் பற்றிச் சொன்னார். 1943-ல் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் ஆரம்பித்திருக்கிறார். அவர் முதலில் டயாலிசிஸ் செய்தவர்களில் ஏறக்குறைய எல்லாருமே இறந்துபோனார்கள். 1945-ல் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்து எழுந்தார். அதுவரைக்கும் ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் அந்த மனுஷன் மறுபடி தன் மெஷினின் சுழலும் டிரம்மைக் கழுவி அடுத்த ஆளைப் படுக்க வைத்திருக்கிறார், அவரைப் பார்த்தும் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது.

எல்லா ஊழியர்களும் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. எரிந்து விழுபவர்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு கேட்பவர்கள் எல்லாரையும் நானும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. "சம்பளம் வாங்குறீங்கள்ல, அப்புறம் என்ன புலம்பல்" என்று யாராவது எழுதுவார்கள், அதுவும் தெரியும். சம்பளத்துக்குத்தான் வேலை செய்கிறேன், தியாகம் என்று எங்கேயும் சொன்னதில்லை.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். மனசு மரத்துப் போனவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம், எங்கள் சொந்தக்காரர்களைப் பார்த்தால் போதும். வரப்புத் தகராறில் ஐந்து வருஷம் எங்கள் வீட்டு வாசல் மிதிக்காத பெரியப்பா, ஒரு நாள் காலை ஐந்து மணிக்குப் போன் செய்து "ஸ்கேனுக்கு முதல் டோக்கன் எடுத்து வை" என்றார். ட்யூட்டி முடித்து, தூங்காமல் நின்று, வரிசையில் எல்லாரையும் போலவே நின்று எடுத்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் ஒரு கல்யாண வீட்டில் என்னை யாரிடமோ காட்டி "இவன் ஆஸ்பத்திரியில ஏதோ மெஷின் ஓட்டுறான்" என்றார். டெக்னீசியன் என்றாலே ஃபேன், மிக்ஸி ரிப்பேர் பார்ப்பவன் என்று நினைக்கிறார்கள். ஒரு மனுஷனின் ரத்தம் மொத்தத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே அனுப்புகிற வேலை இது, காற்றுக் குமிழி உள்ளே போனால் உயிரே போகலாம். அதைச் சொல்லிப் புரிய வைக்கக் கல்யாண வீட்டில் நேரம் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. டயாலிசிஸை நிறுத்திவிட்டு ஏதோ ஒரு வேரை அரைத்துக் குடித்தால் கிட்னி திரும்ப வந்துவிடும் என்று வாட்ஸாப்பில் சுற்ற விடுகிறவர்கள். சித்த மருத்துவத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள், என் அம்மாவுக்கு நிலவேம்புக் கஷாயம் வாங்கிக் கொடுப்பதே நான்தான். முழுதாகச் செயலிழந்தவர் டயாலிசிஸை நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு மேல் தாங்க மாட்டார். அப்படி நிறுத்திவிட்டு மூச்சுவாங்க ஸ்ட்ரெச்சரில் திரும்பி வந்தவர்களை நான் ஏற்றியிருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்த ராத்திரிகள் உண்டு, என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

அந்த அக்கா இப்போதும் நாலாம் நம்பரில்தான். கையில் ஃபிஸ்டுலா போட்டாகிவிட்டது, நன்றாக ஓடுகிறது. அது அண்ணாச்சி கட்டில் என்று நான் அவரிடம் சொன்னதில்லை. பழைய ஆட்கள் யாராவது சொல்லியிருப்பார்கள்.

அப்புறம், அன்றைக்குத் தலையணையைக் கட்டிக் கொடுத்த அவசரத்தில் கட்டிலோர டிராயரைத் திறந்து பார்க்கவில்லை. அண்ணாச்சியின் டீ கிளாஸ் உள்ளேயே இருந்துவிட்டது. மறுநாள் கழுவி, என் லாக்கரில் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன். இரண்டு தடவை கடைக்கு எடுத்துப் போனேன், இரண்டு தடவையும் கடை பூட்டியிருந்தது. அந்தப் பிள்ளை இதைப் படித்தால், எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம், திங்கள், புதன், வெள்ளி காலையில் நான் அங்கேதான் இருப்பேன்.