புகையிலை விளம்பரத்துக்குத்தான் தடை இருக்கிறதே, அப்புறம் டிவியில் வரும் ஏலக்காய் விளம்பரத்தால் என்ன கெடுதல்?

அந்த விளம்பரம் விற்பது ஏலக்காயை இல்லை, பான் மசாலாவும் புகையிலையும் விற்கும் பிராண்டின் பெயரை. 2003-ல் வந்த சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடுக்கிறது, சரி, ஆனால் அதே பெயரையும் அதே எழுத்தையும் ஏலக்காய் பாக்கெட்டில் போட்டால் கிரிக்கெட்டுக்கு நடுவே தாராளமாக ஓடுகிறது, அதைப் பிள்ளைகளும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். வட மாநிலப் பெட்டிக்கடைகளில் அந்தப் பெயரோடு சரம் சரமாகத் தொங்குவது பான் மசாலா. பக்கத்திலேயே தனிப் பாக்கெட்டில் புகையிலை, இரண்டையும் உள்ளங்கையில் கொட்டிக் கலந்தால் குட்கா தயார்.

புகையிலை இல்லாவிட்டால் பரவாயில்லை என்றும் நினைக்காதீர்கள். பான் மசாலாவில் முக்கியமாக இருக்கும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தொடர்ந்து மென்றால் உள்கன்னம் நார்போல இறுகி, காரம் பட்டாலே எரிந்து, போகப்போக இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்காது. இளம் வயதிலேயே வருகிறது, மெல்லுவதை நிறுத்தினாலும் வாய் பழையபடி ஆவதில்லை, சிலருக்கு அதுவே புற்றுநோயாகிறது.

2022-ல் அக்‌ஷய் குமார் இப்படி ஒரு விளம்பரத்துக்காக மன்னிப்புக் கேட்டு விலகினார், ஆனால் ஒப்பந்தக் காலம் முடியும்வரை அது ஓடலாம் என்றும் அதே அறிவிப்பில் சொன்னார். நடிகர்களின் மனசாட்சியை நம்பி இதை விட முடியாது, புகையிலைக்கும் பான் மசாலாவுக்கும் உள்ள பெயரை வேறு எந்தப் பொருளுக்கும் விளம்பரப்படுத்தக் கூடாது என்று கறாராகத் தடுக்க வேண்டும்.