மாற்றி வைக்கப்படும் அடகுச் சீட்டும் ஒரு பியானோ கலைஞரின் பயணங்களும்

கேள்வி: எனக்கு 36 வயது. லண்டனில் பியானோவில் முதுகலையும், பிறகு இங்கிலாந்திலேயே வாசிப்பை மையமாகக் கொண்ட முனைவர் பட்டமும் முடித்து 2018-இல் சென்னைக்குத் திரும்பினேன். 1950-க்குப் பிந்தைய மேற்கத்திய இசைதான் என் துறை. அதை வாசிக்கிறேன், அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளும் எழுதுகிறேன். தனியார் இசைக் கல்லூரி ஒன்றில் சம்பளம் 62,000 ரூபாய். வீட்டில் மாணவர்களுக்குக் கற்பிப்பதில் 36,000 வருகிறது. வீட்டுச் செலவு 50,000. மாதம் 24,000 கட்டி வந்த கல்விக் கடன் போன மாதம் முடிந்தது. 2019-இல் அம்மாவின் 25 பவுன் நகையை ஒரு நிதி நிறுவனத்தில் வைத்து 4 லட்சம் வாங்கினேன். 2022 முதல் ஆண்டுக்கு இருமுறை ஐரோப்பா போகிறேன்: ஒரு முறை கச்சேரிக்கு, ஒரு முறை ஆய்வு மாநாட்டுக்கு. ஒவ்வோர் ஆண்டும் அதே நகையை மாற்றி வைத்துக் கூடுதல் பணம் வாங்கியதில் கடன் 13 லட்சமாகிவிட்டது. வட்டி 12 சதவீதம். மாதம் 13,000 தவறாமல் கட்டுகிறேன். இப்போது 12 லட்சம் தனிநபர் கடனில் பழைய கிராண்ட் பியானோ ஒன்று வாங்கி, ஆல்பம் பதிவு செய்ய நினைக்கிறேன். சித்தப்பாவோ, டிஜிட்டல் கோல்டு செயலியில் மாதம் 5,000 போட்டு வந்தால் நகைக்கு நகை சேர்ந்துவிடும் என்கிறார். பயணக் கணக்கை இணைத்திருக்கிறேன். நான் என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

வருமானத்தை எழுதி வைப்பவர், தவணை தவறாதவர், கல்விக் கடனை முழுவதும் அடைத்தவர் நீங்கள். எனவே அவசர நிதி, மருத்துவக் காப்பீடு என்று உங்களுக்குத் தெரிந்தவற்றையே திருப்பிச் சொல்லப் போவதில்லை. நீங்கள் பியானோவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவதோ ஆண்டுதோறும் நீங்கள் மாற்றி வைக்கும் அந்த அடகுச் சீட்டு.

2019 தொடக்கத்தில் ஒரு பவுன் 25,000 ரூபாயை ஒட்டி இருந்தது. 25 பவுனுக்கு ஏறக்குறைய 6 லட்சத்து 25 ஆயிரம். அதில் 4 லட்சம் கடன். 2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது. அந்த 90,000-ஐ வைத்தே கணக்கிட்டாலும் அதே நகைக்கு இன்று 22 லட்சத்து 50 ஆயிரம் மதிப்பு. நகையில் குன்றிமணி அளவும் கூடவில்லை, கடன் மட்டும் மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. விலை ஏற ஏற நிறுவனம் கூடுதலாகக் கொடுத்தது, நீங்களும் வாங்கினீர்கள். இந்த விலையேற்றத்தால் வந்த லாபம் உங்கள் அம்மாவுக்குச் சேர வேண்டியது. அவர் கைக்கு வராமலேயே அது விமானச் சீட்டாகவும் விடுதி அறையாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. மதிப்பில் 75 சதவீதம் வரை கடன் என்று பார்த்தால் இன்னும் மூன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் கிடைக்கும் என்று அடுத்த முறையும் உங்களுக்குச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்வதற்கு இப்போதே உங்களைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். தங்கம் ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று எண்ணுகிறவர்கள் 2013 ஏப்ரலில் சில நாள்களுக்குள் விலை சரிந்ததை மறந்துவிடுகிறார்கள்.

நீங்கள் அனுப்பிய பட்டியலை இரண்டு முறை படித்தேன். நான்கு ஆண்டுகளில் எட்டுப் பயணங்கள், சராசரியாக ஒவ்வொன்றுக்கும் 2 லட்சத்து 10 ஆயிரம், ஆக மொத்தம் 16 லட்சத்து 80 ஆயிரம். நகையிலிருந்து வந்தது 9 லட்சம், மதிப்பூதியமாக வந்தது 3 லட்சம், மீதி 4 லட்சத்து 80 ஆயிரம் உங்கள் சம்பளத்திலிருந்து, அதாவது மாதம் 10,000. 2019 முதல் இன்று வரை கட்டிய வட்டி மட்டும் நான்கு லட்சத்தைத் தாண்டுகிறது. வாசித்துச் சம்பாதித்ததைவிட, நகைக் கடனுக்குக் கட்டிய வட்டி அதிகம். இதைக் கலைக்கான முதலீடு என்று உங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைச் சிறிது காலம் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தச் சொல் இருக்கும்வரை எந்தச் செலவும் உங்கள் கண்ணுக்குச் செலவாகத் தெரியப் போவதில்லை.

இதே பட்டியலில் ஐந்தாவது வரி மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் உங்களை அழைத்து, விமானக் கட்டணமும் தங்குமிடமும் தந்து, 900 யூரோ மதிப்பூதியமும் கொடுத்திருக்கிறது; நம் பணத்தில் அப்போது 80,000-க்குச் சற்று மேல். அங்கே நீங்கள் முதலில் ஒரு மணி நேரம் விளக்கவுரை நிகழ்த்தி, அதன்பின் அதே இசையை வாசித்திருக்கிறீர்கள். சென்னையில் மார்கழிக் காலைகளில் ‘லெக்-டெம்’ என்கிறோமே, அதே அமைப்புதான். மற்ற ஏழு பயணங்களில் நீங்கள் வெறும் கலைஞராகவோ வெறும் ஆய்வாளராகவோ போயிருக்கிறீர்கள். கலைஞராகப் போன இடங்களில் சிறு தொகை தந்தார்கள், பயணச் செலவு உங்களுடையது. மாநாடுகளிலோ கட்டுரை ஏற்கப்பட்டதற்கு நீங்களே பதிவுக் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள். உங்கள் இரண்டு திறமைகளும் சேர்ந்து போன ஒரே பயணம்தான் கைக்காசு கேட்காத பயணம். உங்களிடம் இருக்கும் அரிய சரக்கு இதுவே என்பதை ஏழு வரிகளுக்கு நடுவே இருந்த அந்த ஒரு வரி எனக்குக் காட்டியது.

இந்தத் துறையின் வரலாறும் இதையே சொல்கிறது. அமெரிக்கப் பியானோ கலைஞர் சார்ல்ஸ் ரோசன் 1951-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார், அதுவும் பிரெஞ்சு இலக்கியத்தில். அதே ஆண்டில்தான் நியூயார்க்கில் அவருடைய முதல் தனிக் கச்சேரியும் நடந்தது. பூலேஸ், எலியட் கார்ட்டர் போன்ற தற்கால இசையமைப்பாளர்களின் கடினமான இசையை வாசித்துப் பதிவு செய்த அவர், எம்ஐடி-யில் பிரெஞ்சு கற்பித்தார். பின்னாளில் ஸ்டோனி புரூக்கிலும் சிகாகோவிலும் பேராசிரியராக இருந்தார். பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியானின் பியானோ இசை முழுவதையும் பதிவு செய்து, மெசியானைப் பற்றி ஆய்வும் செய்த பீட்டர் ஹில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். அரங்கு நிறையாத இசையை ஆயுள் முழுவதும் வாசிக்க வேண்டுமானால் கல்வி நிறுவனத்தின் சம்பளம் பின்னால் நிற்க வேண்டும். உங்களுக்கு அது சென்னையில் 62,000 ரூபாயாக நிற்கிறது. அதைச் சிறிய ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள்.

பயணத்தை நிறுத்தினால் என்னை மறந்துவிடுவார்கள் என்ற உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் புதிய இசைக்காக ஜெர்மனியில் 1946-இல் தொடங்கிய டார்ம்ஸ்டாட் கோடைப் பயிலரங்கு இப்போது இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் நடக்கிறது. தற்காலப் பியானோ இசைக்கென்றே பிரான்சில் நடக்கும் ஓர்லியான் போட்டியும் அப்படியே. உங்கள் உலகமே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கூடும்போது, கடன் வாங்கி ஆண்டுக்கு இரண்டு முறை ஓட வேண்டிய தேவை என்ன?

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அடைந்துபோன கல்விக் கடனின் 24,000, இப்போது கட்டும் வட்டி 13,000, பயணத்துக்குச் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டிருந்த 10,000, ஆக மாதம் 47,000 ரூபாயை நகைக் கடனுக்கே திருப்புங்கள். பொதுத்துறை வங்கிகளில் விசாரித்தால் 12 சதவீதத்தைவிடக் குறைந்த வட்டிக்கு நகைக் கடன் கிடைக்க வாய்ப்புண்டு. 9.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 13 லட்சமும் ஏறக்குறைய 31 மாதங்களில் தீர்ந்துவிடும்.

வங்கிக்கு மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். 25 பவுனையும் ஒரே சீட்டில் வைக்காதீர்கள். ஐந்து ஐந்து பவுனாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 2 லட்சத்து 60 ஆயிரம் என ஐந்து தனிக் கடன்களாக வைக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரே சீட்டாக இருந்தால் கடைசி ரூபாய் கட்டும்வரை நகை வங்கியிலேயே கிடக்கும், நடுவில் யாராவது கூடுதல் பணம் தருகிறேன் என்றால் மனம் இளகும். பிரித்து வைத்தால், நான்கு சீட்டுகளுக்கு வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு ஐந்தாவதை முழு மூச்சாக அடைத்து, ஏழாவது மாத வாக்கில் ஐந்து பவுனைத் திருப்பிவிடலாம். அடுத்தடுத்த சீட்டுகள் இன்னும் சீக்கிரம் அடையும், வட்டிச் சுமை குறைந்துகொண்டே வருமல்லவா. தீபாவளிக்கு அம்மா ஒரே ஒரு முறை நகையைப் பற்றிக் கேட்டார் என்று கடிதத்தின் கடைசியில், கணக்குக்குச் சம்பந்தமில்லாதது போல ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என்னை மிகவும் உறுத்தியது அந்த வரிதான்.

பியானோவுக்கு வருகிறேன். 12 லட்சத்துக்கு 13 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுத் தவணை மாதம் 27,300 ரூபாய். கட்டி முடிக்கும்போது 16 லட்சத்தைத் தாண்டும். கல்விக் கடன் தவணையைவிட அதிகமான இன்னொரு தவணைக்குள், மூச்சு விடவும் நேரம் கொடுக்காமல், நீங்களே நுழைகிறீர்கள். சென்னையின் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் கம்பி துருவேறாமல், மரம் உப்பாமல் ஒரு கிராண்ட் பியானோவைக் காப்பாற்றும் செலவு இதில் சேரவில்லை. கம்பிகளுக்கு நடுவே திருகாணியும் ரப்பர் துண்டும் செருகி வாசிக்க வேண்டும், கல்லூரிப் பியானோவில் அதற்கு அனுமதி இல்லை என்கிறீர்கள். நியாயமான தேவைதான். ஆனால் அந்த வாசிப்பு பிறந்ததே இடநெருக்கடியில்தான்: சியாட்டிலில் ஒரு நடன நிகழ்ச்சிக்குத் தாளவாத்தியக் குழுவை நிறுத்த மேடையில் இடம் இல்லாததால், அங்கிருந்த பியானோவின் கம்பிகளுக்குள் பொருள்களைச் செருகிப் பார்த்தார் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ். ஆல்பத்துக்குப் பியானோவை வாடகைக்கு எடுங்கள். நாள் வாடகை 25,000 என்றே வைத்துக்கொண்டாலும், ஓராண்டுத் தவணைப் பணத்தில் பதின்மூன்று நாள் பதிவு செய்யலாம். உங்களுக்கு ஐந்து நாள் போதும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

டிஜிட்டல் கோல்டு பற்றிச் சித்தப்பாவிடம் மரியாதையாகவே மறுத்துவிடுங்கள். வீட்டுத் தங்கத்தை 12 சதவீத வட்டிக்கு வைத்துவிட்டு, 3 சதவீத ஜிஎஸ்டி கொடுத்து வேறு தங்கத்தைச் செல்பேசியில் வாங்குவதில் எந்தக் கணக்கும் நிற்காது. செயலிகள் விற்கும் இந்தத் தங்கம் தன் கட்டுப்பாட்டு வரம்புக்குள் வரவில்லை என்று 2025 நவம்பரில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியே எச்சரித்திருக்கிறது. அந்த ஐந்தாயிரத்தையும் அடகுச் சீட்டிலேயே கட்டுங்கள். அதுவே தங்கம் சேர்ப்பது.

இசைக் குறிப்புகள் வாங்க ஆண்டுக்கு ஆகும் 40,000 ரூபாயைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். பீத்தோவனின் குறிப்புகள் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் 2006-இல் மறைந்த இசையமைப்பாளர் லிகெட்டி, 1992-இல் மறைந்த மெசியான் ஆகியோரின் படைப்புகளுக்குக் காப்புரிமை இன்னும் நடப்பில் இருக்கிறது. நம் நாட்டுச் சட்டப்படி படைப்பாளி மறைந்து 60 ஆண்டுகள் வரை அது நீடிக்கும். ஆகவே இது உங்கள் தொழில் கருவி. புதிய படைப்பு எழுதித் தர ஓர் இசையமைப்பாளருக்கு நீங்கள் தனியாகக் கொடுத்த 1 லட்சத்து 20 ஆயிரம் மட்டும் நெருடுகிறது. கார்ட்டர் 1980-இல் முடித்த பெரிய பியானோ படைப்பு ரோசன், பால் ஜேக்கப்ஸ், கில்பர்ட் காலிஷ், அர்சுலா ஆப்பன்ஸ் ஆகிய நால்வருக்காகச் சேர்த்து எழுதப்பட்டது. அவர்களைப் போல நீங்களும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு கேட்கலாம்.

வெளிநாட்டுப் பயணத்தை ஒரேயடியாக விட்டுவிடச் சொல்லவில்லை. அழைப்பவர் விமானக் கட்டணமும் தங்குமிடமும் ஏற்றுக்கொண்டால் போங்கள், இல்லையென்றால் இந்த 31 மாதங்களுக்கு வேண்டாம். ஜெர்மனியில் செய்த அதே நிகழ்ச்சியை விளக்கவுரையும் வாசிப்புமாக ஒரு பக்கத்தில் எழுதி, மாநாட்டு அறிவிப்புகளுக்குப் பதிலாக இசைத் துறைத் தலைவர்களுக்கு நேரடியாக அனுப்புங்கள். சார்ல்ஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை, ஃபுல்பிரைட்-நேரு ஆகியவற்றின் உதவித்தொகைகளில் உங்களுக்குப் பொருந்துபவற்றை இந்த ஆண்டே தேடி விண்ணப்பியுங்கள். ஒரு விண்ணப்பம் எழுத மூன்று வாரம் ஆகிறது என்று அலுத்துக்கொள்ள வேண்டாம், ஒரு பயணத்தின் 2 லட்சத்து 10 ஆயிரத்தைக் கடனாக வாங்கினால் அதை அடைக்க உங்களுக்கு நான்கரை மாதம் ஆகிறது.

வரும் வாரத்தில் ஒரு நாள் பழைய சீட்டுகளோடு வங்கிக்குப் போய் வட்டி விகிதத்தையும், ஐந்தாகப் பிரித்து வைக்கும் வசதியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொட்டலங்களைப் பிரிப்பதற்கு முன்பு, முதலில் எந்த நகை வீட்டுக்கு வர வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.