கிளைடர் பதிவிலிருந்து மலைக்காற்றைப் பிரித்தெடுப்பது எப்படி?

கேள்வி: கலிபோர்னியாவில், சியரா நெவாடா மலைத்தொடருக்குக் கிழக்கே ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் பறந்த கிளைடர்களின் (எஞ்சின் இல்லாத விமானங்களின்) ஐ.ஜி.சி. கோப்புகள், அதாவது பறப்புப் பதிவுக் கோப்புகள், சில என்னிடம் உள்ளன. நேரம், இடம், உயரம் மட்டுமே பதிவாகியுள்ளன. இவற்றிலிருந்து மலைக்கு மேலுள்ள காற்றைக் கணக்கிட இயலுமா?

பதில்: இயலும். ஜெர்மானிய வானிலையாளர் யோவாகிம் கியூட்னர் 1937-இல், இன்றைய செக்-போலந்து எல்லையிலுள்ள ரீசன்கெபிர்கே மலைப்பகுதியில் பறந்த கிளைடர்களின் உயரப் பதிவுகளைத் திரட்டித்தான் மலை அலைகளை (மலையைக் கடக்கும் காற்று மறுபக்கத்தில் மேலும் கீழுமாக அலைவதை) ஆராய்ந்தார். 1950-களில் நீங்கள் குறிப்பிடும் அதே பள்ளத்தாக்கில் இந்த அலைகளை ஆராய நடந்த சியரா அலைத் திட்டத்திலும் அவர் முன்னணியில் இருந்தார். ஆனால், கோப்பில் இருப்பது கிளைடரின் அசைவே தவிர காற்றின் அசைவன்று.

கிளைடர் சீரான வேகத்தில் வட்டமடித்த பகுதிகளை முதலில் எடுங்கள். ஒரு சுற்றின் தரைத் திசைவேகங்களைக் கிழக்கு, வடக்கு அச்சுகளில் புள்ளிகளாக இட்டால் அவை ஒரு வட்டத்தின் மேல் விழும். அவ்வட்டத்தின் மையம் காற்றின் திசைவேகத்தையும், ஆரம் கிளைடரின் உண்மைக் காற்றுவேகத்தையும் (சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகத்தையும்) தரும். சிக்கல் என்னவென்றால், மலை அலையில் பெரும்பாலும் யாரும் வட்டமடிப்பதில்லை. காற்றை எதிர்நோக்கி ஏறத்தாழ நின்ற இடத்திலேயே மிதப்பார்கள். அப்போது காற்றின் வேகம் கிளைடரின் காற்றுவேகத்துக்குச் சமம் எனக் கொள்ளலாம். 6,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், காற்றுவேக மானி மணிக்கு 100 கி.மீ. காட்டினால் உண்மை வேகம் சுமார் 136 கி.மீ. என்பதை மறந்துவிடாதீர்கள். மானியின் அளவு உங்கள் கோப்பில் இல்லாததால், விடையை ஓர் எண்ணாக அல்லாமல் ஒரு வீச்சாகவே தர வேண்டும்.

மேலெழு காற்றைக் கணக்கிடும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். விமானி வேகத்தை 144 கி.மீ.யிலிருந்து 108 கி.மீ.க்குக் குறைத்தாலே, காற்றின் உதவி எதுவுமின்றி, வேகமே உயரமாக மாறிக் கிளைடர் ஏறத்தாழ 36 மீட்டர் ஏறிவிடும். எனவே தரைத் திசைவேகத்திலிருந்து கிடைமட்டக் காற்றின் திசைவேகத்தைக் கழித்து, காற்றுவேகம் மாறாத பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, உயர மாற்ற வீதத்தோடு அந்த ரகக் கிளைடர் இயல்பாகத் தாழும் வீதத்தைக் கூட்டுங்கள். அடர்த்தி குறைந்த காற்றில் இந்த வீதமும் கூடும். அழுத்தவழி உயரத்தையும் ஜிபிஎஸ் உயரத்தையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள்.

ஏற்றம் கிடைத்த இடம் ஒரு மணி நேரமாகத் தரையைப் பொறுத்து நகரவில்லையென்றால் அது அலையாக இருக்கலாம்; சமவெளி வெப்பக்காற்றின் ஏற்றம் பெரும்பாலும் காற்றோடு நகர்ந்துவிடும். விமானிகள் ஏற்றத்தையே தேடிப் போகிறவர்கள் என்பதால் எல்லாப் பறப்புகளுக்கும் சராசரி எடுத்து அதைப் பள்ளத்தாக்கின் காற்று என்று எழுதிவிடக் கூடாது. எவரும் பறக்காத கட்டங்களை வரைபடத்தில் சுழியமாக இடாமல் வெற்றிடமாகவே விடுங்கள்.