கம்ப்யூட்டரே போடும் கணக்கில் என்ன ஆராய்ச்சி?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். எம்.எஸ்சி. கணிதம் முடித்த மகள், அணிகளிலும் (எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கும் மேட்ரிக்ஸ்) அவற்றுக்கான கணினி வழிமுறைகளிலும் பிஎச்.டி. பண்ணுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கம்ப்யூட்டர் நொடியில் போடும் கணக்கில் வருஷக்கணக்காக ஆராய என்ன இருக்கிறது? – ஒரு வாசகர், சேலம்.

பதில்: நொடியில் போடுகிறது என்றால் அதற்கு வழி சொல்லிக் கொடுத்த ஆள் ஒருவர் இருக்கிறார், உங்கள் பெண் கேட்பது அந்த வேலையைத்தான். பிளஸ் டூவில், சேர்ந்து வரும் சமன்பாடுகளைத் தீர்க்கும் கிராமர் விதி படித்திருப்பாள், மூன்று சமன்பாட்டுக்கு அழகாக வரும். இருபது சமன்பாட்டை அதே விதியில், அணிக்கோவைகளை (டிடர்மினன்ட்) பாடப்புத்தகம் சொல்கிறபடி விரித்துப் போட்டால், நொடிக்கு நூறு கோடிப் பெருக்கல் செய்யும் எந்திரத்துக்கும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும்; தெரியாத எண்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போகும் காஸ் நீக்கல் முறையில் சுமார் மூவாயிரம் பெருக்கல், அவ்வளவுதான்.

அப்புறம் பிழை. எந்திரம் தசமத்தைக் குறிப்பிட்ட இடத்தோடு வெட்டிவிடும். உங்கள் பட்டறையில் உருக்கும்போதும் ராவும்போதும் போகிற சேதாரம் மாதிரி, படிக்குப் படி துளி துளியாகப் போகும். கடைசியில் விடை தேறுமா என்று 1940களில் பெரிய ஆட்களே பயந்தார்கள். இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வில்கின்சன், ஆலன் டூரிங் உட்பட நாலு பேர் 18 சமன்பாடுகளை மேசைக் கால்குலேட்டரில் போட்டு, விடையைத் திரும்பச் சமன்பாட்டில் வைத்துப் பார்த்தால், பயந்ததற்கு மாறாகக் கச்சிதமாகப் பொருந்தியது. ஏன்? கிடைத்த விடை, இம்மி மாறிய இன்னொரு கணக்கின் சரியான விடை என்று பாருங்கள் என்றார் வில்கின்சன். அதை நிறுவுவதிலேயே அவர் காலம் போனது. 1970இல், கணினித் துறையின் பெரிய விருதான டூரிங் விருது வந்தது. ஆனால் கணக்கே முரண்டு பிடிப்பதும் உண்டு. 1 முதல் 20 வரையுள்ள முழு எண்களே மூலங்களாக (விடைகளாக) உள்ள பல்லுறுப்புக் கோவையில் -210 என்ற கெழுவை (x-இன் 19ஆம் அடுக்கைப் பெருக்கும் எண்) ஏழாம் தசமத்தில் லேசாக அசைத்தால், பத்து மூலங்கள் கலப்பெண்களாகிவிடும். இதைக் காட்டியதும் அவர்தான்.

புகழை நம்பி இறங்க வேண்டாம். ஓர் அணியின் குணத்தைச் சொல்லும் ஐகன் மதிப்பு என்ற எண்களைக் காணும் கியூஆர் முறையை 1961-62இல் வெளியிட்ட ஜான் பிரான்சிஸ் (அதே காலத்தில் சோவியத் நாட்டில் வேரா குப்ளனோவ்ஸ்கயாவும் தனியாகக் கண்டுபிடித்தார்) சீக்கிரமே வேறு வேலைக்குப் போய்விட்டார். உலகமே தன் முறையைப் பயன்படுத்துவது, 2007இல் கணிதக்காரர்கள் தேடிப் பிடித்துச் சொல்லும்வரை அவருக்குத் தெரியாதாம்!

சரி, வேலை? பாலம், வானிலை, தேடுபொறி எல்லாவற்றுக்குள்ளும் அணிகள்தான். பெரியார் பல்கலைக்கழகமோ வெளியூரோ, எங்கே சேர்ந்தாலும், ஆய்வு வழிகாட்டி (கைடு) தானே நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கிறவரா என்று முதலில் விசாரியுங்கள். தேற்றத்தை மட்டும் எழுதி அடுக்குகிறவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.