முகப்படம் எடுப்பவர்கள் கேட்டவை: ஆடி மாதக் கேள்வி பதில்

ஆடி பிறந்துவிட்டது. அடுத்த முகூர்த்தம் ஆவணியில்தான். நம் தொழிலில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைக்கிற மாதம் இது. நான் ஈரோட்டில் போர்ட்ரெய்ட் மட்டும் எடுக்கும் ஸ்டுடியோ நடத்துகிறேன். முகங்களை எடுப்பது, அதைக் கற்றுக்கொள்வது, இந்தத் தொழிலில் நமக்குத் துணை யார் என்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் என்னால் பதில் சொல்ல முடிந்தவை, கேட்டவர்களின் ஊர்ப் பெயரோடு இங்கே.

கோபிசெட்டிபாளையம்: அக்கா வணக்கமுங்க. ஸ்டுடியோ ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு. எல்லாப் படமும் ஒரே மாதிரி வருது. இன்ஸ்டாகிராம் பார்த்துப் பார்த்து எடுத்தேன், அதுவும் சலிச்சுப் போச்சு. புது யோசனை எங்கிருந்து வருமுங்க?

தம்பி, நீங்கள் பார்ப்பதெல்லாம் மற்றவர்கள் எடுத்து முடித்த படம். அதிலிருந்து போஸ் கிடைக்கும், லைட்டிங் கிடைக்கும். ஆள் கிடைக்கமாட்டார். யோசனை வற்றிப்போனதற்குக் காரணம் உங்கள் முன்னால் உட்காரும் ஆளைப் பார்க்க நேரம் ஒதுக்காததுதான் என்று நினைக்கிறேன்.

ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த ஆகஸ்ட் சாண்டர் நம்மைப் போல வாடிக்கையாளரை நம்பிப் பிழைத்தவர். பக்கத்து வெஸ்டர்வால்ட் பகுதி விவசாயிகளை எடுக்க ஆரம்பித்து, அப்படியே தொழில் தொழிலாகத் தன் காலத்து மனிதர்களையெல்லாம் எடுத்துக்கொண்டே போனார். அவர் தேடியது வித்தியாசமான ஆட்களை அல்ல. சமையல்காரர், செங்கல் சுமப்பவர், வக்கீல், பள்ளிக்கூட வாத்தியார் என்று ஊரில் இருந்தவர்களைத்தான் எடுத்தார். எல்லோரையும் நேராக நிற்கவைத்து அவசரப்படாமல் எடுத்தார்.

உங்களுக்கு அப்படி ஒரு வரிசை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பவானிக்குப் போய் ஜமுக்காளம் நெய்யும் ஒரு பெரியவரைப் பாருங்கள். குழித்தறியில் அவர் இடுப்புக்குக் கீழே குழிக்குள் இருப்பார். நின்றுகொண்டு எடுத்தால் தலை வழுக்கையும் நூலும்தான் விழும். தரையில் உட்காருங்கள், தேவைப்பட்டால் படுத்துவிடுங்கள். கேமரா அவர் கண் மட்டத்துக்கு வந்ததும் படமே வேறாகிவிடும். முதல் நாள் அவர் உங்களுக்காகக் கொஞ்சம் விறைப்பாக இருப்பார். மறுபடி போங்கள், எடுத்த படத்தை அச்சுப் போட்டுக் கையில் கொடுங்கள். மூன்றாவது தடவை அவரே தறியை நிறுத்திவிட்டு, "இந்தப் பக்கம் வெளிச்சம் நல்லா இருக்குதுங்க" என்று சொல்வார். நல்ல படம் அப்போதுதான் ஆரம்பமாகும்.

இந்த மாதமே அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா வருகிறது. குதிரைச் சந்தைக்கு எல்லோரும் குதிரையை எடுக்கப் போவார்கள். நீங்கள் கயிற்றைப் பிடித்திருப்பவரை எடுங்கள்.

அச்சுப் போடாமல் எந்தப் படத்தையும் நல்லது, கெட்டது என்று முடிவு செய்யாதீர்கள். இதை இன்னும் பல தடவை சொல்வேன்.

பெருந்துறை: போர்ட்ரெய்ட்டுக்கு எந்த கேமரா வாங்கலாம்?

கையில் இருப்பது போதும். லென்ஸுக்குப் பணம் இருந்தால் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கு 85 எம்எம், சிறிய கிராப் சென்சார் என்றால் 50 எம்எம். இரண்டிலும் லென்ஸ் திறப்பு எஃப் 1.8 போதும். மீதிப் பணத்தில் பிரிண்ட் போடுங்கள்.

காங்கேயம்: எங்க வீடு பழைய ஓட்டு வீடு. வடக்குப் பார்த்த ஜன்னல் வெளிச்சம்தான் போர்ட்ரெய்ட்டுக்கு நல்லதுன்னு எல்லா வீடியோவிலும் சொல்றாங்க. நானும் வடக்கு அறையைத்தான் ஸ்டுடியோ ஆக்கினேன். சித்திரையில் மதியம் வெயில் உள்ளேயே விழுதே, ஏனுங்க்கா?

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. வடக்கு ஜன்னல் விதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிறந்தது. அங்கே சூரியன் வருஷம் முழுக்க மதியத்தில் தெற்கே சாய்ந்திருக்கும். அதனால் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் வராது, வானத்தின் வெளிச்சம் மட்டும் மெதுவாக இறங்கும்.

நாம் இருப்பது ஏறக்குறைய 11 பாகை வட அட்சத்தில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் தாண்டும் வரை மதியச் சூரியன் நம் தலைக்கு வடக்கே இருக்கும். சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாலு மாதமும் தெற்கு ஜன்னல்தான் உங்களுக்கு வடக்கு ஜன்னல். மற்ற மாதங்களில் வடக்குக்குத் திரும்பிவிடுங்கள். இரண்டு பக்கமும் ஜன்னல் உள்ள அறை என்றால் வருஷம் முழுக்கக் கவலையில்லை.

ஓட்டு வீட்டில் இன்னொரு வசதி திண்ணை. தாழ்வாரம் இறங்கி இருப்பதால் மேலிருந்து வரும் வெயிலை ஓடு தடுத்துவிடும். வாசலில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கீழிருந்து முகத்துக்கு ஏறும். ஆளைத் திண்ணையின் விளிம்புக்கு ஓரடி உள்ளே உட்கார வையுங்கள். கண்ணுக்குள் வாசல் தெரியும். வாசல் செம்மண் என்றால் தாடைக்குக் கீழே சிவப்பேறும். அதற்கு ஒரு வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்தால் போதும்.

கருமத்தம்பட்டி: ட்ரோன் வாங்க அனுமதி எப்படி?

என் வேலை இல்லை. உங்கள் மாவட்ட போட்டோ வீடியோ சங்கத்தில் கேளுங்கள்.

திருப்பூர்: பனியன் கம்பெனிக்குள்ளே வேலை செய்யறவங்களை எடுத்தேன். படம் பூரா கோடு கோடா விழுதுங்க.

விளக்கு மினுக்குகிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு, ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். பெரும்பாலும் போய்விடும்.

பொள்ளாச்சி: அம்மணி, நீங்க போன மாசம் முகத்தை வெளுப்பாக்கக்கூடாதுன்னு எழுதியிருந்தீங்க. நான் இருபது வருஷத்துக்கு மேல கடை வெச்சிருக்கேன். ஜாதகத்தோட அனுப்புற படத்துல பொண்ணை வெளுப்பாக் காட்டாட்டி, அடுத்த தடவை அந்த வீட்டு ஆளுங்க என் கடைப் படி ஏறமாட்டாங்க. தொழிலைப் பேசுங்க.

அண்ணா, தொழிலைத்தான் பேசுகிறேன். வெளுப்பாக்கச் சொல்லிக் கேட்பவர்களில் பாதிப்பேர் கேட்பது உண்மையில் வெளுப்பை அல்ல. அவர்கள் முகம் படத்தில் இருண்டு கிடக்கிறது, அதைச் சரி செய்யச் சொல்கிறார்கள். ஏன் இருண்டது? வெள்ளைச் சட்டை, ஜரிகை, வெள்ளைச் சுவர் எல்லாவற்றையும் கேமரா மீட்டர் சேர்த்து அளந்து, வெளிச்சம் அதிகம் என்று முடிவு செய்து குறைத்துவிட்டது. அதைக் கணினியில் ஸ்லைடரை இழுத்து ஏற்றினால் முகம் சாம்பல் பூசியது போலாகும்.

ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் கன்னத்தை மட்டும் அளந்து பாருங்கள். மாநிறமோ கறுப்போ என்றால் மீட்டர் சொல்வதிலிருந்து அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) குறையுங்கள், இல்லாவிட்டால் அது தோலை நடுச் சாம்பலுக்குக் கொண்டுபோய்விடும். அப்புறம் விளக்கை நேராக முகத்தில் அடிக்காதீர்கள். கறுத்த தோல் வெளிச்சத்தைப் பிரதிபலித்துத்தான் வடிவம் காட்டும். பக்கவாட்டில் ஒரு பெரிய வெள்ளைத் துணி, அதற்குப் பின்னால் விளக்கு. கன்ன எலும்பின் மேலே, மூக்குத் தண்டில், உதட்டோரத்தில் அந்தத் துணியே ஒரு மெல்லிய பளபளப்பாக உட்காரும். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் அதை அச்சில் காட்டுங்கள்.

கறுப்பு என்றால் படத்தில் நன்றாக வராது என்பதை நாமாகக் கண்டுபிடிக்கவில்லை. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் படம் அச்சிடும் லேபுகளுக்கு அனுப்பிய சோதனை அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. ஷெர்லி கார்டு என்று அதற்குப் பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று கணக்கு. நம் தோல் அந்தக் கணக்கிலேயே இல்லை. இன்றைய சென்சாருக்கு அந்தக் குறை பெரிதாக இல்லாதபோது, நாமே ஏன் அதைத் தொடர வேண்டும்?

தாராபுரம்: குறுக்கே வர்றதுக்கு மன்னிச்சுக்குங்க. எங்க அக்காவுக்கு அப்படித்தான் வெளுப்பா ஒரு படம் போட்டுக் கொடுத்தாங்க. பொண்ணு பார்க்க வந்தவங்க கூடத்துல உக்காந்துட்டு, "போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சே"ன்னு சொன்னாங்க. அக்கா அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை.

பொள்ளாச்சி அண்ணா இதைப் படிக்க வேண்டும். உங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் தம்பி, நான் எடுத்துத் தருகிறேன். காசு வேண்டாம்.

பொள்ளாச்சி: படிச்சேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அந்தக் காலத்துல நெகட்டிவ் மேல பென்சில் வெச்சு டச்சிங் பண்ணலையா? எங்கப்பா பண்ணுவாரு. அதுவும் பொய்தானே?

நல்ல கேள்வி அண்ணா. நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் வெளிச்சத்தை மறைக்கும், அச்சில் அந்த இடம் வெளுக்கும். உங்கள் அப்பா பருவை மறைத்திருப்பார், கண்ணுக்குக் கீழே கருவளையத்தைக் குறைத்திருப்பார். கூர் சீவிய பென்சிலோடு ஒரு முகத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்து, எது இந்த ஆளுடையது, எது இன்றைக்கு மட்டும் வந்தது என்று பிரித்து வேலை செய்தார். பரு போய்விடும், மச்சம் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன். நிறம் அந்த ஆளுடையது. அதில் கை வைக்கக்கூடாது என்பதில் நான் அசையமாட்டேன்.

அவிநாசி: அக்கா, போர்ட்ரெய்ட் எடுக்க பட்ஜெட்ல கேமரா சொல்லுங்க.

பெருந்துறைக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கோயம்புத்தூர்: ஒரு நாள் ஒர்க்‌ஷாப்புக்கு 6,000 ரூபாய் கேட்கிறார்கள். மாடல் உண்டு, மதியச் சாப்பாடு உண்டு. போகலாமா?

ஒரே மாடலை, ஒரே விளக்கில், வரிசையில் நின்று எடுக்கும் இடம் என்றால் வேண்டாம். வீட்டுக்குப் போனால் எல்லோர் கையிலும் ஒரே படம் இருக்கும், அந்த விளக்கை வைத்தவர் ஒருவராகத்தான் இருப்பார். நீங்கள் எடுத்த படத்தை எடுத்துப்போய்ப் பேசலாம், திருத்தம் கேட்கலாம் என்றால் போங்கள்.

இப்போதைக்குக் காசில்லாமல் ஒரு வேலை சொல்கிறேன். பேரூர் பட்டீசுவரர் கோயில் கனகசபை மண்டபத்துக்குக் கேமரா இல்லாமல் போங்கள். யானையுரி போர்த்தவர், வீரபத்திரர், ஊர்த்துவ தாண்டவம் எல்லாம் தூண்களில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கின்றன. ஒரு சிற்பத்தின் முன்னால் காலையில் நில்லுங்கள், மாலையிலும் போய் நில்லுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தால் முகத்தில் கோபம் தெரிகிறது, எப்போது அது தணிகிறது என்று பாருங்கள். கல் அசையவில்லை, வெளிச்சம் மட்டும் நகர்ந்தது. நான் வெளிச்சத்தை அங்கேதான் கற்றேன்.

சென்னிமலை: பேக்டிராப்புக்கு நிறைய செலவாகுது.

பெட்ஷீட்டுக்குப் பேர்போன உங்கள் ஊரில் இருந்துகொண்டா இதைக் கேட்பது! மாலி நாட்டில் பமாக்கோ ஊரில் 1948-இல் ஸ்டுடியோ திறந்த செய்தூ கெய்தா (Seydou Keïta) என்பவருக்கு முதல் பின்னணித் துணி அவருடைய படுக்கை விரிப்புதான். சில வருஷத்துக்கு ஒரு தடவை துணியை மாற்றினார், பின்னாளில் துணியைப் பார்த்தே படம் எந்தக் காலத்தது என்று சொன்னார். அவர் படங்கள் இன்று உலகக் காட்சிக்கூடங்களில் தொங்குகின்றன. தெருவில் இறங்கி ஒரு பெட்ஷீட் வாங்குங்கள். துவைத்துத் தேய்த்து மாட்டுங்கள்.

கரூர்: நான் பொண்ணுங்கிறதால ஸ்டுடியோ வைக்க வீட்டுல யோசிக்கிறாங்க. நம்மளை மாதிரி யாராவது முன்னாடி இருந்திருக்காங்களாக்கா?

இருந்திருக்கிறார்கள் கண்ணு. புகைப்படக்காரர் ராஜா தீன் தயாள் 1892-இல் ஹைதராபாதில் பெண்களுக்கென்றே தனி ஸ்டுடியோ திறந்தார், அதை நடத்தியது ஒரு பெண். அப்புறம் ஹோமாய் வியாரவாலா, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். வீட்டில் இதைச் சொல்லுங்கள், தொழில் கணக்கையும் சொல்லுங்கள்: கர்ப்பகாலப் படம், பிறந்த குழந்தை, வயதான அம்மாக்கள் என்று எத்தனையோ பேர் ஒரு பெண் எடுத்தால்தான் தோளைத் தளர்த்தி உட்காருகிறார்கள். கரூரில் அந்த இடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. தனியாக எனக்கு எழுதுங்கள், வாடகை ஒப்பந்தம் வரைக்கும் கூட இருக்கிறேன்.

நாமக்கல்: ஜிஎஸ்டி கட்டணுமா?

சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சம் தாண்டினால் பதிவு வேண்டும். மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

சத்தியமங்கலம்: படத்தை வாட்ஸ்அப்பில் போட்டால் "சூப்பர்ணா", நெருப்பு, கைதட்டல். யாரும் குறை சொல்ல மாட்டேங்கறாங்க. எப்படிக் கத்துக்கறது?

போன் திரையில் பார்ப்பவர் உங்கள் படத்துக்கு ஒரு நொடி கொடுக்கிறார். ஒரு நொடியில் பாராட்டத்தான் முடியும். எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் அச்சிட்டு மேஜை மேல் வைத்தால் பார்ப்பவர் குனிவார், கையில் எடுப்பார், தள்ளி வைத்துப் பார்ப்பார். அப்போது வாய் திறக்கும்.

ஐந்தாறு பேர் போதும். முகூர்த்தம் இல்லாத ஒரு நாள், யாராவது ஒருவர் ஸ்டுடியோவில். ஆளுக்கு மூன்று பிரிண்ட், அதில் ஒன்று உங்களுக்கே திருப்தியில்லாத படம். படம் எடுத்தவர் முதலில் பேசக்கூடாது. மற்றவர்கள் தாங்கள் பார்த்ததைச் சொல்லட்டும்: கண் எங்கே போகிறது, கை ஏன் ஒளிந்திருக்கிறது, இந்த ஆள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார். கேமரா விலை, வாடிக்கையாளர் மேல் புகார் இரண்டும் டீ வந்த பிறகு. ஒரே ஊரில் கடை வைத்திருப்பவர்கள் போட்டி என்று தயங்குவார்கள். பக்கத்து ஊர்க்காரர்களோடு ஆரம்பியுங்கள். ஊரில் மூத்த ஸ்டுடியோக்காரர் ஒருவரையும் கூப்பிடுங்கள், ஃபிலிம் கழுவும் டார்க் ரூமில் வேலை செய்த கண் நமக்கு இல்லாத கண்.

ஊத்துக்குளி: கேமரா...

மேலே இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. பிரிண்ட் போடுங்கள்.

பவானி: எங்க தாத்தா ஸ்டுடியோவுல பழைய கண்ணாடி நெகட்டிவ் பெட்டி பெட்டியா இருக்கு. கழுவி வைக்கலாமா?

தயவுசெய்து தண்ணீர் படவேண்டாம். படம் இருப்பது ஜெலட்டின் படலத்தில், நனைந்தால் உரிந்து வந்துவிடும். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், பின்பக்கத் தூசியை மட்டும் மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள், ஒவ்வொன்றையும் அமிலமில்லாத தாளில் சுற்றி நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் எடை தாங்காமல் உடையும். தாத்தா எழுதி வைத்த பில் புத்தகம், கவர், பெயர்ச்சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத் திட்டம் ஒன்றின் துணையோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நானும் வந்து பார்க்கலாமா? பெட்டியைப் பிரிக்கும்போது கூட ஒரு கை இருந்தால் நல்லது.

பொள்ளாச்சி: அம்மணி, நான் இன்னும் ஒத்துக்கலை. ஆனா அந்த வெள்ளைத் துணி எத்தனை அடி?

ஆறுக்கு ஆறு அண்ணா, ஆளுக்கு மூன்றடி தள்ளி. நீங்கள் வழக்கமாகப் போடும் படம் ஒன்று, இந்த முறையில் ஒன்று, இரண்டையும் ஒரே பேப்பரில் அச்சிடுங்கள். ஆடி முடிவதற்குள் ஒரு நாள் ஈரோட்டில் கூடலாம். தாராபுரத்துத் தம்பியும் வரட்டும்.