திருச்சியில் ஏறினால் எப்போது இறங்கலாம்?

காரைக்குடியில் பல ஆண்டுகள் விமானச் சீட்டுப் பதிவு செய்து கொடுத்தவன் என்ற முறையில், நம் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

திருச்சிக்கும் கோலாலம்பூருக்கும் சுமார் 2,700 கி.மீ.; விமானம் மணிக்கு 850 கி.மீ. பறக்கிறது. மூன்றேகால் மணி நேரம் போதுமே, சீட்டில் நான்கு மணி நேரம் ஏன்? (காரைக்குடி)

850 என்பது உச்ச உயரத்தை எட்டிய பின் உள்ள வேகம். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இராது. சீட்டில் காணும் நேரமோ, விமானம் இங்கே நிறுத்துமிடத்தை விட்டு நகரும் கணத்திலிருந்து அங்கே நிறுத்துமிடத்தில் நிற்கும் கணம் வரை உள்ளது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், இறங்க முறை வரும்வரை வட்டமடிப்பதும் அதில் அடங்கும். 2,700 என்பதும் உருண்டையின்மேல் நூல் பிடித்து அளந்த தொலைவுதான். விதித்த வான்வழியில் செல்லும்போது அது சற்றுக் கூடும்.

இரவு 9 மணிக்குப் புறப்பட்டு 3.30க்கு இறங்கும் என்றால் ஆறரை மணி நேரம் அல்லவா? (தேவகோட்டை)

அல்ல. மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. கழித்தால் நான்கு மணி நேரமே. அழைத்துப் போக வரும் உறவினரிடம் மறுநாள் தேதியைச் சொல்ல மறந்து, விடியும்வரை நிலையத்தில் காத்திருந்தவர்களை நான் அறிவேன்.

டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ செல்லும் விமானம் பசிபிக் கடல் வழியாகச் சுற்றிப் போகிறது என்கிறான் என் மகன். அது வீண் அலைச்சல் இல்லையா? (கானாடுகாத்தான்)

தொலைவை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஏர் இந்தியா 2016 அக்டோபரில் அந்த விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியபோது பாதை ஏறத்தாழ 1,400 கி.மீ. நீண்டது, ஆயினும் பயண நேரம் குறைந்தது. பத்து கி.மீ. உயரத்தை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் கடுங்காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும், கிழக்கு நோக்கிச் சென்றால் அது பின்னிருந்து தள்ளும், மேற்கு நோக்கிச் சென்றால் எதிர்த்து நிற்கும். சென்னையிலிருந்து லண்டன் போவதைவிடத் திரும்பி வரும் பயணம் பெரும்பாலும் குறுகியதாக இருப்பதும் இதனால்தான். ஆகவே நெடும்பயணத்துக்கு ஒரே நேரத்தை இரு திசைக்கும் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள்.

கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போனவர்கள் கப்பலில் எத்தனை நாள் போனார்கள்? (பள்ளத்தூர்)

நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறினால் பினாங்கு சேர நான்கைந்து நாள் ஆகும் என்று என் ஐயா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

காரைக்குடி வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? (கோட்டையூர்)

திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் போதும். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகச் சென்றுவிட வேண்டும் என்பதால், 9 மணி விமானத்துக்கு மாலை 4 மணிக்கே காரில் ஏறுங்கள். ஆச்சிமார் கட்டித்தரும் பலகாரப் பெட்டியை வீட்டிலேயே எடை போட்டுவிடுவது நல்லது.