எடை இயல்பு என்றால் சர்க்கரை வராதா?

கேள்வி: தெற்காசியாவிலிருந்து குடியேறிய என் உடல் நிறைக் குறியெண் (பிஎம்ஐ, உயரத்துக்கு எடை பொருந்துகிறதா எனக் காட்டும் எண்) 24, இங்குள்ள அளவுகோலின்படி இயல்பான எடைதான். ஆயினும் மருத்துவர் சர்க்கரைப் பரிசோதனை செய்யச் சொல்கிறார். அவசியமா?

பதில்: அவசியம், தள்ளிப்போடாதீர்கள். தெற்காசியர்களுக்கு அதே எடையிலும் வயிற்று உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு கூடுதலாகச் சேர்ந்து இன்சுலினின் செயலைக் கெடுப்பதால், உலக சுகாதார நிறுவன வல்லுநர் குழு 2004-இல் வெளியிட்ட அறிக்கை, 25-ஐ எட்டும் முன்பே, 23-ஐயே ஆசியர்களுக்கான எச்சரிக்கை எல்லையாகக் குறித்தது. இடுப்புச் சுற்றளவு இன்னும் தெளிவாகப் பேசும் என்பேன்: மூச்சை இழுத்துப் பிடிக்காமல், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி அளந்து, ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரை எட்டினாலே கவனம் தேவை. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையின் அளவு 5.7 முதல் 6.4 சதவீதத்துக்குள் இருந்தால், அது நோய்க்கு முந்தைய நிலை; அப்போது உடற்பயிற்சியாலும் எடைக் குறைப்பாலும் நோயைத் தடுக்கப் பெரும்பாலும் இயலும்.